வாஷில பிரிண்ட் போடப் போறீங்களா? பேப்பர் வாங்கறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

சயனோடைப், பிளாட்டினம், வான் டைக்னு பழைய முறைல கையால கெமிக்கல் பூசி ஃபோட்டோ பிரிண்ட் போடறவங்களுக்கு என்னைக்காவது ஒரு நாள் இந்த ஆசை வந்துரும், வாஷிங்கற ஜப்பான் பேப்பர்ல ஒண்ணு போட்டுப் பாக்கணும்னு. எனக்கும் வந்துச்சு. நார் நாரா அழகா தெரியற ஒரு ஷீட்ட வாங்கி, சயனோடைப் பூசி, வெயில்ல வச்சு எடுத்து டிரேல விட்டேன், படம் பிரமாதமா எழும்பி வந்துச்சு, சந்தோஷமா தூக்கினேன், பாதி என் கைல பாதி தண்ணில. அப்புறம் விசாரிச்சப்போ தான் தெரிஞ்சுது, அது மெஷின்ல ஓட்டினது, முக்கால்வாசி மரக்கூழ், மேலாப்புல அலங்காரத்துக்கு கொஞ்சம் நீள நாரத் தூவி விட்டிருக்காங்க. பேப்பர் மேல ஒரு தப்பும் இல்ல, கிஃப்ட் சுத்தறதுக்கு செஞ்சத அரை மணி நேரம் ஊறப் போட்டது நான் தான்.

அதனால பாக்க எப்படி இருக்குங்கறத கடைசில வச்சுக்குங்க. முதல்ல கேக்க வேண்டியது மூணு விஷயம்: என்ன நார், பட்டைய எதுல வேக வச்சாங்க, மேல ஏதாவது பூசியிருக்கா. இந்த மூணுக்கும் பதில் சொல்லத் தெரியாத கடைல மொத்தமா வாங்காதீங்க, ஒரே ஒரு ஷீட் வாங்கி வீட்ல சோதிச்சுட்டு மேற்கொண்டு பாருங்க. அப்புறம் "ரைஸ் பேப்பர்"னு எவனாவது சொன்னா அவனுக்கு தான் விக்கிற சரக்கு என்னன்னு தெரியலன்னு அர்த்தம், வாஷி செய்யறது செடியோட உள்பட்டைல, அரிசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

நார்ல முக்கியமா மூணு வகை. கோசோங்கறது ஒரு வகை மல்பெரி செடி, நார் சராசரியா 10 மில்லிமீட்டர் பக்கம் நீளம் இருக்கும், மரக்கூழ் நார் பெரும்பாலும் 3 மில்லிமீட்டரக் கூட தாண்டாது, அதோட ஒப்பிட்டுப் பாருங்க. இந்த நீளம் தான் கோசோவ தண்ணிக்குள்ள காப்பாத்துது, நார் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கிடக்கறதால நனைஞ்சாலும் பிரிஞ்சு போகாது. சாஃப்டா மேட்டா இருக்கும், கொஞ்சம் பொசுபொசுன்னு. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு கண்ண மூடிட்டு சொல்லுவேன், கோசோல ஆரம்பிங்க.

அடுத்தது கம்பி. தமிழ்ல எழுதினா அப்படித்தான் வருது, இரும்புக் கம்பி இல்லீங்க, இது ஒரு காட்டுப் புதர். பயிர் பண்றது ரொம்ப சிரமம், மலைல தானா வளர்றதத் தான் பெரும்பாலும் வெட்டி எடுத்துட்டு வர்றாங்க, அதான் விலையும் ஏறிக் கிடக்கு. நார் சின்னது, 3-லேர்ந்து 5 மில்லிமீட்டர், ஆனா ரொம்ப மெல்லிசு, அதனால பேப்பர் பட்டு மாதிரி வழவழன்னு மினுங்கும், கைல பிடிச்சு ஆட்டினா படபடன்னு சத்தம் வரும், வெளிச்சம் ஊடுருவும். கெமிக்கல் உள்ள இறங்காம மேலாகவே நிக்கறதால நுணுக்கமான டீட்டெயிலும் நல்ல ஆழமான கறுப்பும் இதுல தான் கிடைக்கும். பிளாட்டினம் பிரிண்ட கம்பில பாத்தவங்க திரும்பி வேற பேப்பருக்குப் போக மாட்டாங்க, நான் போகல. ஆனா தண்ணி பட்டா சுருங்கி நெளிஞ்சு நம்ம பொறுமைய சோதிச்சிரும், அத பின்னாடி சொல்றேன். விலை ஜாஸ்திங்கறதால கம்பின்னு பேர் போட்டு வேற கூழ் கலந்து விக்கிறதும் நிறைய நடக்குது, அதனால நூறு சதவீதம் கம்பியான்னு வாய் விட்டு கேளுங்க.

மூணாவது மிட்சுமாதா. கிளை ஒவ்வொரு தடவையும் மூணு மூணா பிரியும், பேரோட அர்த்தமே அதான். யென் நோட்டு அடிக்கற பேப்பர்லயும் இந்த நார் இருக்கு. நல்ல பேப்பர் தான், ஆனா கோசோ அளவுக்கு ஈரத்துல உறுதி கிடையாது, கம்பி அளவுக்கு மினுமினுப்பும் கிடையாது. ரெண்டுங்கெட்டான். நான் ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டு விட்டுட்டேன்.

ஊர் பேர வச்சு வாங்கறதும் ஒரு வழி. ஹோன்-மினோஷி, செகிஷு-பான்ஷி, ஹோசோகாவா-ஷி, இந்த மூணு கைவினையையும் 2014-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு, மூணுமே கோசோ மட்டும் வச்சு செய்யறது, அதனால அசல் தான்னா நார் விஷயத்துல கவலை இல்ல. ஜப்பான்ல கோச்சி பக்கத்து டோசா தெங்குஜோவும் கோசோ தான், ஆனா பூச்சி இறக்க மாதிரி அவ்ளோ மெல்லிசு, பழைய ஓலை, ஓவியம் எல்லாம் பழுது பாக்கறவங்க வச்சிருப்பாங்க, நம்ம டிரேக்கு அது வேண்டாம். ஹ்யோகோ பக்கம் நாஜியோன்னு ஒரு ஊர்ல கம்பி நாரோட அந்த ஊர் மண்ணயே கலந்து பேப்பர் செய்யறாங்க, அருமையான பொருள், ஆனா நாம இரும்பு உப்ப வச்சு பிழைக்கறவங்க, கலந்த மண்ணுல என்ன இருக்குன்னு தெரியாம அதுல இறங்கறது புத்திசாலித்தனம் இல்ல.

இப்ப வேதியியல் பக்கம் வருவோம், ஏன்னா முக்காவாசி பேர் கோட்ட விடறது இங்க தான். பட்டைய மரச்சாம்பல் தண்ணிலயோ சோடா ஆஷ்லயோ காஸ்டிக் சோடாலயோ சுண்ணாம்புலயோ வேக வைப்பாங்க, எல்லாமே காரம். நல்லா அலசிட்டா பிரச்சினை இல்ல, சரியா அலசலன்னா அந்தக் காரம் பேப்பர்லயே தங்கிரும். சயனோடைப்போட நீலத்துக்கு காரம்னா ஜென்ம விரோதி, வெளுத்து பழுப்பா போயிரும். பிளாட்டினத்துலயும் அதுல பூசற ஃபெரிக் ஆக்சலேட்ங்கற இரும்பு உப்பு கெட்டுப் போயி படம் சோகையா, பொரிபொரியா வரும். "ஆர்க்கைவல், பஃபர்டு"ன்னு பெருமையா போட்டிருப்பாங்க பாருங்க, அதுக்கு அர்த்தம் கால்சியம் கார்பனேட் சேத்திருக்குன்னு, புத்தகத்துக்கு அது நல்லது, நமக்கு விஷம். வேற வழியே இல்லாம அப்படிப்பட்ட பேப்பர் கைல மாட்டிக்கிச்சுன்னா சல்ஃபாமிக் ஆசிட் கரைசல்ல ஊற வச்சு, குமிழி வர்றது நின்னதும் அலசி காய வச்சு அப்புறம் பூசலாம். ஆக்சாலிக் ஆசிட் வச்சும் செய்வாங்க, ஆனா அது கால்சியத்தோட சேந்து கரையாத உப்பா பேப்பருக்குள்ளயே உக்காந்துக்கும், அதோட அது விஷம் வேற, அதனால சல்ஃபாமிக் மேல். ரெண்டுக்கும் கையுறை போட்டுக்குங்க. வெளுத்த பேப்பர்னா குளோரின்ல வெளுத்ததான்னு ஒரு வார்த்த கேட்டுக்குங்க, மிச்சம் இருக்கற குளோரினும் நம்ம வேலைய கெடுக்கும். வெளுக்காத கோசோ லேசா சந்தன நிறத்துல இருக்கும், பிளாட்டினத்துக்கு அது தனி அழகு, சயனோடைப்ல போட்டா வெளிச்சமான இடமெல்லாம் கொஞ்சம் பச்சை அடிக்கற மாதிரி தெரியும், பிடிச்சா சரி.

இன்னொரு குழப்பம் சைஸிங், அதாவது பேப்பர் ஈரத்த சட்டுன்னு உறிஞ்சாம இருக்க போடற பசை. வாஷி செய்யும்போது டொரோரோ அவோய்ங்கற செடியோட வேர நசுக்கி அந்த கொழகொழ தண்ணிய தொட்டில ஊத்துவாங்க, வெண்டைக்காயோட சொந்தக்காரச் செடி தான், அதே வழவழப்பு. அத பசைன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, பசை இல்ல, நீள நார் கட்டி கட்டாம மிதக்கறதுக்கும் தண்ணி மெதுவா வடியறதுக்கும் தான் அது. அதனால கையால செஞ்ச வாஷி பெரும்பாலும் சைஸிங் இல்லாம தான் வரும், மை உறிஞ்சற பேப்பர் மாதிரி கெமிக்கல குடிச்சிரும், நீலம் பின்பக்கம் வரைக்கும் இறங்கி படம் மொழுக்குன்னு நிக்கும். டோசா பூசினதுன்னு தனியா கிடைக்கும், ஊர் பேரும் இதே மாதிரி இருக்கேன்னு குழம்பாதீங்க, இது மிருகப் பசையும் படிகாரமும் கலந்து பூசறது. இல்லன்னா நாமளே பண்ணிக்கலாம்: 100 மில்லி தண்ணிக்கு 2-லேர்ந்து 3 கிராம் ஜெலட்டின், குளிர்ந்த தண்ணில ஊற வச்சு, வெதுவெதுப்பா கரைச்சு, அகலமான மெல்லிய பிரஷ்ல ஒரு தடவ இழுத்து தொங்க விட்டு காய வைங்க. கோசோவுக்கு இத செஞ்சா வித்தியாசம் கண்ணுல அடிக்கும். கம்பிக்கு தேவையே இல்ல, அதுல பிரச்சினை தலைகீழ், கெமிக்கல் இறங்காம முத்து முத்தா நிக்கும், ட்வீன் 20-ங்கற, கெமிக்கல பரவ வைக்கற திரவத்த 10 சதவீதக் கரைசலா வச்சுக்கிட்டு 2 மில்லி கெமிக்கலுக்கு ஒரு சொட்டு விட்டா படிஞ்சிரும். இன்க்ஜெட் பிரிண்டருக்குன்னே கோட்டிங் போட்ட வாஷியும் விக்கிறாங்க, நம்ம வேலைக்கு அது வேண்டாம், அந்தக் கோட்டிங் மைக்காக செஞ்சது.

கனம் எவ்ளோன்னு கேட்டா 35-லேர்ந்து 60 ஜிஎஸ்எம்க்குள்ள (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்ங்கற கணக்கு) எடுங்க. 20-க்கு கீழ போறது பத்து பதினஞ்சு பிரிண்ட் போட்டு கை பழகினதுக்கு அப்புறம்.

சரி, ஷீட் வந்தாச்சு, உடனே பெரிய நெகட்டிவ எடுத்து வைக்காதீங்க. ஓரத்துல நாலு பட்டை வெட்டுங்க. ஒண்ணுல ஒரு சொட்டு தண்ணி விடுங்க, உடனே விரிஞ்சு ஊறினா சைஸிங் இல்ல, உருண்டையா நின்னா இருக்கு. ரெண்டாவத ஒரு மணி நேரம் தண்ணில போட்டு ரெண்டு கையாலயும் மெல்ல தூக்குங்க, பிஞ்சா அந்தப் பேப்பர லாம்ப் ஷேடுக்கு குடுத்துருங்க. மூணாவத இருட்டுல யூவி டார்ச் அடிச்சுப் பாருங்க, நீலமா பளிச்சுன்னு மின்னினா வெள்ளையா காட்டறதுக்கு பிரைட்னர் கலந்திருக்கு, அப்ப அசல் கைவினையான்னே சந்தேகம். நாலாவதுல கெமிக்கல் பூசி, வெளிச்சமே காட்டாம இருட்டுல சில மணி நேரம் வச்சிருந்து அப்புறம் கழுவுங்க. வெள்ளையா திரும்பி வந்தா சம்பந்தம் பேசலாம். பூசின மஞ்சள் இருட்டுலயே பச்சையாவோ நீலமாவோ மாறிச்சுன்னா, இல்ல அங்கங்க கரும்புள்ளி கிளம்பிச்சுன்னா, பேப்பர்லயே ஏதோ இருக்கு. கூழ் அடிக்கற மெஷின்லேர்ந்து விழுந்த இரும்புத் துகளா கூட இருக்கும். என்னைக் கேட்டா இந்த நாலாவது பட்டை தான் மத்த மூணையும் விட முக்கியம், ஒண்ணே ஒண்ணுக்குத் தான் பொறுமை இருக்குன்னா இத செய்ங்க.

பூசறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம்னு பாத்துக்கணும். பலகைல ஒட்டியோ சூடான தகட்டுல ஒட்டியோ தான் காய வைப்பாங்க, ஒட்டின பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பிரஷ்ஷால தேச்ச கோடு தெரியும். ஜன்னல் பக்கம் சாய்ச்சு பிடிச்சா புரிஞ்சிரும். வழவழப்பான பக்கம் பூசுங்க, பின்பக்க மூலைல பென்சில்ல ஒரு குறி போட்டு வச்சிருங்க, நனைஞ்சதுக்கு அப்புறம் சத்தியமா கண்டுபிடிக்க முடியாது. அடில உறிஞ்சாத கண்ணாடியோ பாலியஸ்டர் ஷீட்டோ வேணும், பிரஷ் இரும்புப் பூண் இல்லாத ஹாக்கேங்கற அகலமான ஜப்பான் பிரஷ், அழுத்தாம இழுக்கணும், தேச்சா கோசோ நார் எழும்பி தாடி முளைச்ச மாதிரி ஆயிரும். சைஸ் பண்ணாத கோசோன்னா வழக்கமா கலக்கறத விட ஒன்றரை மடங்கு கெமிக்கல் கலந்து வைங்க, பாதி ஷீட்டுல தீந்து போயி முழிக்க வேண்டாம்.

கழுவும்போது மூலையப் பிடிச்சு தூக்கறதுங்கற பழக்கத்த மறந்துருங்க. பேப்பர் அடில பாலியஸ்டர் ஷீட்ட விட்டு ரெண்டையும் சேத்தே தூக்கணும், டிரேய சாய்ச்சு தண்ணிய மாத்தலாம். சயனோடைப்னா முதல் தண்ணில ஒரு சிட்டிகை சிட்ரிக் ஆசிட். பிளாட்டினத்துக்கு வழக்கமான இடிடிஏ கிளியரிங் தான், அதாவது மிச்சம் இருக்கற இரும்பு உப்ப கழுவி எடுக்கறது, மெல்லிசுங்கறதால கனமான காட்டன் பேப்பர விட சீக்கிரம் வெளுத்து வந்துரும். கம் பைக்ரோமேட்னு லேயர் லேயரா போடற பிரிண்ட் முறை மாதிரி அஞ்சாறு தடவ நனைச்சு காய வைக்கறதுக்கு வாஷிய நான் சிபாரிசு பண்ண மாட்டேன், ஒவ்வொரு தடவையும் அளவு மாறும், லேயர் ஒண்ணு மேல ஒண்ணு உக்காராது, பண்றவங்க இருக்காங்க, அவங்களுக்கு என் கும்பிடு.

காய வைக்கறப்போ கோசோ சாதுவா படுத்துக்கும். கம்பிய அப்படியே விட்டா அப்பளம் மாதிரி சுருண்டுரும், லேசா ஈரம் இருக்கும்போதே ஈரம் உறிஞ்சற ரெண்டு பிளாட்டிங் பேப்பர் நடுவுல வச்சு மேல கனமா எதையாவது ஏத்தி, பிளாட்டிங் பேப்பர மட்டும் மாத்திக்கிட்டே ரெண்டு நாள் விடுங்க. காஞ்சதும் பாத்துட்டு "இருட்டா வந்துருச்சே"ன்னு தூக்கிப் போட்டுராதீங்க, வெளிச்சம் ஊடுருவற பேப்பர், மேஜை நிறம் தான் உள்ள தெரியுது, அடில ஒரு வெள்ளை பேப்பர வச்சுட்டு திரும்ப பாருங்க. சிலபேர் அடில தங்க இலை ஒட்டுவாங்க, கம்பில பிளாட்டினம் போட்டு பின்னாடி தங்கம் வச்சா வெளிச்சமான இடமெல்லாம் உள்ளேர்ந்து எரியற மாதிரி இருக்கும், ஆனா அதுக்கு பேப்பர்ல ஒரு சுருக்கம் கூட இருக்கக் கூடாது, அதனால முதல் கம்பி ஷீட்லயே அத முயற்சி பண்ணாதீங்க.