ஜெபிக்க வார்த்தை வராத நாளில் 13-ஆம் சங்கீதம்

கடன், நோய், இழப்பு என்று மனம் முடங்கிய நாளில் புதிதாக ஜெபம் யோசிக்க வேண்டாம். வேதாகமத்தில் (பைபிளில்) ஜெபப் பாடல்களின் தொகுப்பான சங்கீதப் புத்தகத்திலிருந்து 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். மொத்தம் 6 வசனங்கள்தான். வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். முதல் 2 வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்று, இதைப் பாடிய தாவீது ராஜா 4 முறை கேட்கிறார். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, உங்கள் வேதனையைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் கேளுங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: முறையிடுவது அவிசுவாசம் என்று பயந்து, நேராக 5-ஆம் வசனத்தின் நம்பிக்கைக்குத் தாவிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பாரம் சொல்லப்படாமலே தங்கிவிடும்.

3, 4 வசனங்களில் இன்றைக்குத் தேவையான ஒன்றை மட்டும் கேளுங்கள். பிறகு கடைசி இரண்டு வசனங்கள். அவற்றைச் சொல்ல மனம் வரவில்லையா? 88-ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். அது இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில் உள்ள ஜெபம்தான்.