காரைக்குடி வீட்டுப் பாட்டு, கோலாலம்பூர்ப் பழைய கைபேசியில்

காரைக்குடி வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் பாட்டுக் கோப்புகளை, கோலாலம்பூரில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் பழைய கைபேசியில் கேட்பதற்கு, ராஸ்பெர்ரி பை என்னும் ஒரு சிறு கணினியும், அதில் நிறுவிய, பாட்டுகளை இணையம் வழியே அனுப்பும் நாவிட்ரோம் என்னும் இலவச மென்பொருளும் போதும். ஆனால் நாவிட்ரோம் வழக்கமாக இயங்கும் 4533 என்னும் போர்ட்டை (இணைப்பு வாசலை) ரௌட்டரில் நேரடியாக இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். தெருக்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பெட்டகத்தை மட்டும் பூட்டி வைப்பதைப் போன்றது அது. வயர்கார்டு என்னும் விபிஎன் (உங்கள் கருவிகளுக்கு மட்டுமான பூட்டிய இணைய வழி) அமைத்து, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் சாவி கொடுத்துவிட்டால், ஒரு கைபேசி தொலைந்துபோனாலும் அதன் சாவியை மட்டும் நீக்கிவிடலாம். வீட்டு இணைப்புக்குத் தனிப் பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து வீட்டை நேரடியாக எட்டும் இணைய முகவரி) கிடைக்காதவர்களுக்கு, வயர்கார்டையே அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேல் என்னும் சேவை எளிதாக இருக்கும்.

ஒலித்தரம் குறையாத, அளவில் பெரிய ஃபிளாக் கோப்புகளை அப்படியே அனுப்பாமல், நொடிக்கு 96 கிலோபிட் அளவில் ஓபஸ் என்னும் சுருக்கிய வடிவத்துக்கு மாற்றி அனுப்பும்படி அமைத்துவிடுங்கள்; ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 43 மெகாபைட்தான் செலவாகும், சிறிய ஒலிபெருக்கியில் என் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை.

செட்டிநாட்டு வீடுகளின் கனத்த சுவர்கள் வைஃபையை விழுங்கிவிடும் என்பதால், கணினியை ரௌட்டருக்கு அருகிலேயே வைத்து ஈதர்நெட் கேபிளில் இணையுங்கள். முகப்பில் ரௌட்டரும் இரண்டாம் கட்டில் கணினியுமாக நான் ஒரு மாதம் அவதிப்பட்டேன்.