உப்புக் காற்றில் மங்கிய மானிட்டர்
கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலை ஒட்டிய எங்கள் வீட்டிலுள்ள பழைய 17 அங்குல வண்ணப் படக்குழாய் (CRT) மானிட்டர், போட்டவுடன் எழுத்துகளை மங்கலாகக் காட்டி, அரைமணி நேரம் சூடேறிய பிறகே தெளிவடையும். படக்குழாய்க்கு உயர் மின்னழுத்தம் தரும் ஃப்ளைபேக் மின்மாற்றியிலுள்ள ஃபோகஸ் (படத்தெளிவு) திருகை முதலில் திருப்பியது வீண் வேலை; குளிர்ந்த நிலையில் சரிசெய்த படம் சூடேறியதும் மறுபடியும் மங்கியது. படக்குழாயின் கழுத்தில் செருகியிருக்கும் சாக்கெட்டுக்குள், பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உள்ள ஃபோகஸ் முனையைச் சுற்றி, உப்பு ஈரத்தால் பச்சை பூத்து மின்கசிவு ஏற்பட்டதே உண்மையான காரணம்.

மின்சாரத்தைத் துண்டித்து, படக்குழாயின் ஆனோடில் (உயர் மின்னழுத்த முனையில்) தேங்கியிருக்கக்கூடிய ஏறத்தாழ 25,000 வோல்ட் மின்னூட்டத்தை, குழாயின் வெளிப்பூச்சைத் தொடும் தரைக்கம்பியில் இணைத்த காப்பிட்ட கைப்பிடியுள்ள திருப்புளியால் இறக்கிய பின்னரே (இங்கே அவசரப்பட்டால் உயிருக்கு ஆபத்து) பழைய சாக்கெட்டின் ஈயப்பற்றை உருக்கிக் கழற்றிப் புதியதைப் பொருத்தினேன். மானிட்டர் நன்றாகச் சூடான பிறகு ஃபோகஸைத் திருத்தி, திரையில் தெரிந்த சாய்ந்த வெண்கோடுகள் மறையும்வரை, அதே மின்மாற்றியிலுள்ள ஸ்கிரீன் (வெளிச்ச அளவு) திருகைச் சற்றே குறைத்தேன்.