தகஹாஷியின் அதிகம் பேசப்படாத அனிமேக்களுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

போன வருடம், ஜப்பானிய மங்கா (சித்திரக்கதை) ஓவியர் ருமிகோ தகஹாஷியின் கதையிலிருந்து எடுத்த ‘நிங்யோ நோ மொரி’ என்ற அனிமே (ஜப்பானிய அசைபடம்) பற்றி ஒரு விமர்சனம் எழுதினேன். ‘கடற்கன்னிக் காடு’ என்று பொருள். பதிவேற்றி இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, நான் பார்த்தது 1991இல் வந்த படம். ஆண்டு, இயக்குநர், தயாரித்த நிறுவனம் என்று எழுதியிருந்ததெல்லாம் 2003இல் வந்த டிவி தொடருடையவை. இரண்டுக்கும் ஒரே பெயர், மூலமும் ஒரே மங்காதான். படத்தைத் தேடிப் போகும் ஒருவருக்கு என் பதிவு தவறான வட்டைக் கையில் கொடுத்திருக்கும். அன்று ராத்திரியே பதிவை எடுத்துவிட்டு முழுவதையும் திரும்ப எழுதினேன். அப்படி எழுதும்போது அமைந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன். இதில் வரும் ஓ.வி.ஏ. என்பது டிவியிலோ தியேட்டரிலோ வராமல் நேராக வீடியோவில் வெளிவரும் அனிமே.

படி 1: எதை எடுப்பது

ருமிகோ தகஹாஷி 1957இல் நிகாதாவில் பிறந்தவர். 1978இல் தொழில்முறையாக வரையத் தொடங்கினார். 2019இல் தொடங்கிய ‘மாவோ’ மங்காவோடு இன்னும் வரைந்துகொண்டிருக்கிறார். இனுயாஷா, ரன்மா ½, உருசெய் யாத்சுரா என்ற அவருடைய பெரிய தொடர்களுக்கெல்லாம் விமர்சனம் குவிந்து கிடக்கிறது. அவற்றை விடுங்கள். அவருடைய சிறிய கதைகளிலிருந்து வந்த குட்டிப் படங்களும் தொடர்களும்தான் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

பியரோ ஸ்டூடியோ செய்தவை நான்கு: 1985இல் ‘ஃபயர் ட்ரிப்பர்’, 1986இல் ‘மாரிஸ்’, 1987இல் ‘லாஃபிங் டார்கெட்’, 1991இல் நான் குழம்பிய அந்தக் ‘கடற்கன்னிக் காடு’. நடுவில் 1988இல் குத்துச்சண்டை வீரனுக்கும் கன்னியாஸ்திரிக்கும் இடையிலான ‘ஒன் பவுண்ட் காஸ்பெல்’. 1993இல் மேட்ஹவுஸ் ஸ்டூடியோ செய்த ‘கடற்கன்னியின் தழும்பு’. அப்புறம் 2003இல் டிவி டோக்கியோவில் அடுத்தடுத்து வந்த இரண்டு தொடர்கள்: நடுத்தர வயதுக்காரர்களின் அன்றாட வாழ்க்கையைச் சொல்லும் ‘ருமிக் தியேட்டர்’, அதைத் தொடர்ந்து ‘கடற்கன்னிக் காடு’ தொடர்.

முதல் முறை எழுதுகிறவர் ‘ஃபயர் ட்ரிப்பர்’ எடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எரிவாயு வெடிப்பில் சிக்கிய ஒரு பெண் சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய போர்க்காலத்து ஜப்பானில் போய் விழுகிறாள். மூலக்கதை 1983இல் வந்தது. இனுயாஷா தொடங்கியது 1996இல். அதிலும் ஒரு பெண் அந்தப் பழைய ஜப்பானுக்குத்தான் போகிறாள். பதின்மூன்று வருடம் முன்பே அந்த விதை இங்கே முளைத்திருக்கிறது. இது ஒன்றே வாசகரை உட்கார வைத்துவிடும்.

படி 2: நீங்கள் பார்த்தது எது என்று உறுதி செய்வது

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

தகஹாஷியின் கடற்கன்னிக் கதைகள் 1984 முதல் 1994 வரை விட்டு விட்டு வந்தவை. கடற்கன்னியின் இறைச்சியைத் தின்று தப்பிவிட்டால் சாவு கிடையாது. ஆனால் தின்றவர்களில் பெரும்பாலோர் செத்துப்போவார்கள், அல்லது உருக்குலைந்த பிராணியாகிவிடுவார்கள். தப்பிப் பிழைத்த நாயகன் யுதாவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு வயது. இந்த வரிசையில் ‘காடு’ கதையை 1991இல் பியரோவும், ‘தழும்பு’ கதையை 1993இல் மேட்ஹவுஸும் தனித்தனிப் படமாக்கின. 2003இல் டி.எம்.எஸ். என்ற அனிமே நிறுவனம் தொடராக்கியபோது இரண்டு கதைகளும் அதற்குள் மறுபடி வந்தன. 13 பாகங்களில் 11 மட்டுமே ஒளிபரப்பாயின. கடைசி இரண்டு பாகங்களான ‘தழும்பு’ வன்முறை அதிகம் என்பதால் டிவியில் வராமல் டிவிடியில் மட்டும் வந்தது.

அதாவது ‘தழும்பு பார்த்தேன்’ என்று ஒருவர் சொன்னால் அது 1993 படமாகவும் இருக்கலாம், 2003 டிவிடியாகவும் இருக்கலாம். அதனால் பார்க்க உட்காரும் முன்பே ஒரு சின்ன அட்டையில் நான்கு வரி எழுதிவிடுகிறேன்:

பெயர்: கடற்கன்னியின் தழும்பு
ஆண்டு, வகை: 1993, ஓ.வி.ஏ.
நிறுவனம்: மேட்ஹவுஸ்
இயக்குநர்: மோரியோ அசாகா

இந்த நான்கு வரியையும் படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பார்த்து நிரப்புங்கள். இணையத் தகவல் பக்கத்தைப் பார்த்து நிரப்பித்தான் நான் கெட்டேன். ஜப்பானிய எழுத்து படிக்க வராது என்றால், இயக்குநர் என்பதற்கான ‘கன்தொகு’, திரைக்கதைக்கான ‘க்யாகுஹோன்’, காட்சி வரைவுக்கான ‘எகொன்தே’ என்ற மூன்று சொற்களின் உருவத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் போதும்.

பட்டியலை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அதில் புதையல் இருக்கிறது. ‘தழும்பு’ படத்தை இயக்கிய அதே அசாகாதான் ஐந்து வருடம் கழித்து ‘கார்ட்கேப்டர் சகுரா’வையும் பிறகு ‘நானா’வையும் இயக்கினார். சகுராவின் அந்த மென்மையை வைத்து இவரை அறிந்தவர்கள் இந்த ரத்தக்களறியைப் பார்த்தால் திகைத்துப்போவார்கள். ‘ஒன் பவுண்ட் காஸ்பெல்’ பட்டியலிலோ இயக்குநராக ‘சாகி மகுரா’ என்று இருக்கும். அது ஒசாமு தெசாகியின் புனைபெயர். 1970இல் குத்துச்சண்டை அனிமேக்களின் முன்னோடியான ‘அஷிதா நோ ஜோ’வை இயக்கியவர் அவர். சாப்பாட்டை அடக்கத் தெரியாமல் எடையிலும் வயிற்றிலும் தோற்கும் தகஹாஷியின் குத்துச்சண்டைக்காரன், அப்படிப்பட்டவர் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறான். இது தெரியாமல் எழுதும் விமர்சனம் பாதி விமர்சனம்தான்.

படி 3: குறிப்பு எடுக்காமல் ஒரு தடவை

பேனாவை மூடி வையுங்கள். படத்தை நிறுத்தாமல் பாருங்கள். முடிந்ததும் மனதில் நின்ற மூன்று காட்சிகளை மட்டும் எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள்.

படி 4: மங்காவைப் படித்துவிட்டு மறுபடி பார்ப்பது

மங்காவை முதலில் படித்துவிட்டுப் படம் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் படித்தால் படத்தைப் பார்க்கும்போது கண் சரிபார்த்துக்கொண்டே இருக்கும், கதைக்குள் போகாது.

இரண்டாம் தடவை பார்க்க, கணினியில் வீடியோ ஓட்டும் எம்.பி.வி. பிளேயர்தான் என் தேர்வு. வி.எல்.சி. நல்லதுதான், அதில் ‘இ’ விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேம்) முன்னே போகும். ஆனால் எம்.பி.வி.யில் முற்றுப்புள்ளி விசை ஒரு சட்டம் முன்னே, காற்புள்ளி விசை ஒரு சட்டம் பின்னே. அந்தப் பின்னே போகும் வசதிக்காகவே நான் மாறினேன். ‘எஸ்’ அழுத்தினால் திரையில் தெரிவதை அப்படியே படமாகச் சேமிக்கும். ‘எல்’ விசையை ஒரு இடத்தில் ஒரு தடவை, இன்னொரு இடத்தில் ஒரு தடவை அழுத்தினால் நடுவில் உள்ள பகுதி திரும்பத் திரும்ப ஓடும். குறிப்புக்கு எந்தச் செயலியும் வேண்டாம். கோடு போட்ட நோட்டு, இடப்பக்கம் மங்கா, வலப்பக்கம் படம். இதைவிட வசதியானது எனக்குக் கிடைக்கவில்லை.

படி 5: வித்தியாசப் பட்டியலை விமர்சனமாக மாற்றுவது

நோட்டு நிரம்பியதும் கை பரபரக்கும். ‘மங்காவில் உள்ள இந்தக் காட்சி இங்கே இல்லை, அந்த வசனம் மாறிவிட்டது’ என்று அடுக்கத் தோன்றும். என் முதல் நான்கு விமர்சனங்களும் அப்படித்தான் இருந்தன. மங்காவைப் படிக்காதவருக்கு அந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை, படித்தவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: இதனால் எனக்குள் என்ன மாறியது? பதில் வராத வரியை அடித்துவிடுங்கள். என் நோட்டில் இருபது வரி இருந்தால் நான்கு தேறும். அந்த நான்குதான் விமர்சனம்.

‘தழும்பு’ கதையையே எடுத்துக்கொள்வோம். ‘1993இல் ஒரே படம், 2003இல் இரண்டு பாகம்’ என்று முதலில் எழுதியிருந்தேன். அது தகவல், அவ்வளவுதான். கேள்வியைக் கேட்டபின் இப்படி மாறியது: ‘ஒரே மூச்சில் பார்க்கும்போது பயம் அந்த வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. இரண்டு பாகமாகப் பார்க்கும்போது நடுவில் முடிவுப் பாட்டு வந்து கதவைத் திறந்துவிடுகிறது.’

இன்னொன்று, ரத்தம். மங்காவில் ரத்தம் கறுப்பு மைதான். தகஹாஷியின் கோடு எவ்வளவு சுத்தமானது என்று உங்களுக்குத் தெரியும். வட்ட முகம், பெரிய கண், அதன் மேல் ஒரு கறுப்புத் திட்டு. கண் அதைத் தாண்டிப் போய்விடும். படம் எடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. என்ன சிவப்பு, எவ்வளவு, எத்தனை நொடி என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். கடற்கன்னிக் கதைகளின் மூன்று அனிமே வடிவங்களும் வேறுபடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மங்கா கறுப்பில் சொன்னதை டிவி சிவப்பில் காட்ட முடியாமல் கடைசி இரண்டு பாகங்கள் வட்டுக்குப் போனதையும் இதோடு சேர்த்து எழுதினால், ஒளிபரப்பு விவரமே விமர்சனத்துக்குள் வந்துவிடும்.

படி 6: சொற்களைத் தமிழில் வைப்பது

இதை எல்லாரும் கடைசியில் அவசரமாகச் செய்கிறோம். கடற்கன்னி இறைச்சி தின்று உருக்குலைந்த அந்தப் பிராணிகளுக்குத் தகஹாஷி வைத்த பெயர் ‘நரிசொகொனாய்’. ஆங்கில வசனங்களில் ‘தொலைந்த ஆன்மா’ என்று வரும். அதை அப்படியே தமிழாக்கினால் பேய்க்கதை வாடை அடிக்கிறது. ஜப்பானியச் சொல்லில் ஆன்மாவே இல்லை. ‘ஒன்றாக ஆக வந்து ஆகாமல் போனது’ என்பதுதான் பொருள். நம்மிடம் ‘அரைகுறை’ என்று ஒரு சொல் இருக்கிறதே! பேச்சில் அது லேசாகத் தெரிந்தாலும் சாகவும் முடியாமல் மனிதனாகவும் இல்லாமல் நிற்கும் பிராணிக்கு அதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முதல் இடத்தில் ஜப்பானியப் பெயரையும் விளக்கத்தையும் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகு ‘அரைகுறைகள்’ என்றே எழுதுகிறேன்.

படி 7: எதைச் சொல்லாமல் விடுவது

‘ஃபயர் ட்ரிப்பர்’ முழுக்க ஒருவர் உடம்பில் இருக்கும் ஒரு தழும்பில் தொங்குகிறது. யார் உடம்பு என்று சொன்னால் கதை போச்சு. ‘கடற்கன்னியின் தழும்பு’ படத்தில் ஒரு சிறுவன் தன் அம்மாவிடம் வந்து சேர்கிறான். அதற்கு மேல் ஒரு வரி சொன்னாலும் அதிகம். எனக்கு நானே வைத்துக்கொண்ட எல்லை, படத்தின் முதல் கால் பங்கு. அதற்குள் நடப்பதை எழுதலாம், அதைத் தாண்டியதை உணர்ச்சியாக மட்டும் சொல்லலாம்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர், 80களின் படங்களில் முகங்களெல்லாம் உப்பித் தெரிகிறதே, தகஹாஷியின் வரைகலையைக் கெடுத்துவிட்டார்களா என்று கேட்டிருந்தார். கெடுக்கவில்லை. அவை 4:3 அளவில் எடுக்கப்பட்டவை. உங்கள் டிவி அகலத்துக்கு இழுத்துவிடுகிறது. எம்.பி.வி.யில் ஷிஃப்டோடு ‘ஏ’ அழுத்திக்கொண்டே வாருங்கள், 4:3 வந்ததும் நிறுத்துங்கள்.

இன்னொருவர், ஜப்பானிலிருந்து வரவழைத்த டிவிடி ஓடவில்லை என்றார். டிவிடிகளை நாடு வாரியாக மண்டலம் (ரீஜன்) பிரித்திருக்கிறார்கள்: ஜப்பான் 2, இந்தியா 5. வாங்கும் முன் உங்கள் பிளேயர் எல்லா மண்டலத்தையும் ஏற்குமா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது கடிதம் எனக்கே பாடமாக இருந்தது. ‘லாஃபிங் டார்கெட்’ பதிவில், அசைவின்போது கோடுகள் உடைகின்றன, அவசர வேலை என்று குறை எழுதியிருந்தேன். அது வரைந்தவர்களின் குறையே இல்லை என்று அவர் விளக்கினார். பழைய டிவிடிகளில் ஒரு சட்டம் இரண்டு பாதியாகப் பின்னப்பட்டிருக்கும். கணினித் திரையில் கை வேகமாக நகர்ந்தால் விரல் ஓரமெல்லாம் சீப்புப் பல் போல் பிளந்து தெரியும். எம்.பி.வி.யில் ‘டி’ விசையை ஒரு தடவை தட்டினேன். அம்பை இழுக்கும் கை, விரல் விரலாக, ஒரு பிசிறும் இல்லாமல் நகர்ந்தது. அந்தப் பத்தியை நீக்கிவிட்டு, வரைந்தவர்களைப் பாராட்டி ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். நீங்கள் படம் போடும் முன்பே அந்த விசையைத் தட்டிவிடுங்கள்.