நாய் வளர்க்க ஆசையா? தத்தெடுக்கும்முன் இதைப் படியுங்கள்

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அடர்ந்த முடியுள்ள ஹஸ்கி, தட்டை மூக்குள்ள பக் (pug) போன்ற வெளிநாட்டு இன நாய்கள் சென்னை வெயிலில் படாதபாடு படுவது அதனால்தான். குட்டை முடியும் நீண்ட மூக்கும் உள்ள நம் தெரு நாய்க்கு இந்த வெயில் பழகியது. பல ஆயிரம் கொடுத்து வாங்குவதைவிட, கிண்டி புளூ கிராஸ் போன்ற காப்பகத்திலிருந்து ஒன்றை அழைத்து வாருங்களேன்!

வந்த புதிதில் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும், சாப்பிடாமல்கூட இருக்கும். இழுக்காதீர்கள். அதன் உலகமே மோப்பம்தான் என்பதால், நீங்கள் உடுத்திய பழைய துணி ஒன்றை அது படுக்கும் இடத்தில் போடுங்கள். உங்கள் வாசனை பழகியதும் தானே வரும். அடிபட்ட நாய்கள் நம்மை நம்பக் கொஞ்சம் நாளாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பந்து வாங்கினால் நீலம் அல்லது மஞ்சள். சிவப்பு அதன் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். திராட்சை, வெங்காயம், சாக்லேட் கொடுக்கவே கூடாது. குட்டி என்றால் 3 மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல்.