பாஸ்வேர்ட் மேனேஜர் மாத்துனப்போ பட்ட பாடு

பாஸ்வேர்ட எல்லாம் சேத்து வைக்கிற ஆப் தான் பாஸ்வேர்ட் மேனேஜர். பழைய மேனேஜர்ல இருந்து புதுசுக்கு மாறுறது அஞ்சு நிமிஷ வேலைன்னு உக்காந்தேன், ரெண்டு நாள் போச்சு. எல்லா பாஸ்வேர்டையும் சிஎஸ்வி ஃபைலா (சாதா டெக்ஸ்ட் பட்டியல்) எக்ஸ்போர்ட் பண்ணி லேப்டாப்ல ஏத்திட்டேன், எல்லாம் வந்துச்சு, ஆனா அப்புறம் மாத்துன மெயில் பாஸ்வேர்ட் மட்டும் போன்ல பழசாவே வந்து நிக்குது. சிங்க் ஆகலன்னு நெனச்சு லாகவுட், ரீஇன்ஸ்டால்னு தலகீழா நின்னு பாத்தேன். கடைசில பாத்தா ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல ஆட்டோஃபில் சர்வீஸ் (பாஸ்வேர்ட தானா நிரப்புறது) இன்னும் பழைய ஆப்லயே இருக்கு! அத மாத்துனதும் சரியாச்சு. பிரவுசரோட சொந்த பாஸ்வேர்ட் சேவ் ஆப்ஷனையும் ஆஃப் பண்ணேன், அது வேற குறுக்க வரும்.

பாஸ்கீ (பாஸ்வேர்டுக்கு பதிலா கைரேகையோ போன் லாக்கோ வச்சு லாகின் பண்றது) எதுவும் சிஎஸ்வில வராது, பெரும்பாலும் சைட் சைட்டா போய் புதுசா தான் போடணும், அதுவரை பழைய அக்கவுண்ட அழிச்சிடாதீங்க. அப்புறம் அந்த ஃபைல்ல எல்லா பாஸ்வேர்டும் பூட்டே இல்லாம அப்படியே கெடக்கும், எனக்கு டவுன்லோட்ஸ்ல அது கண்ணுல பட்டதே மூணு நாள் கழிச்சு தான்.