மூன்று நாள் மலையேற்றத்துக்கு இரண்டு கிலோ சாப்பாடு

பொதிகை உச்சிக்கு முதல் தடவை போனபோது என் பையில் சாப்பாடு மட்டும் நாலரை கிலோ. எவர்சில்வர் தூக்கில் புளியோதரை, ஒரு டப்பா அல்வா, வாழைப்பழம். கேரளப் பக்கம் போனக்காட்டில் நடக்க ஆரம்பித்து இரண்டாவது ஓடையைத் தாண்டும்போதே தோள் கழன்றுவிட்டது. இந்த வருடம் மூன்று நாளுக்கும் இரண்டு கிலோதான், பசியும் இல்லை. எப்படி என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வழி காட்டியது அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான். நம்மூரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு 1991-இல் வந்த திருத்தத்தோடு வேட்டைக்குக் கதவு அடைத்தாயிற்று. அங்கே உரிமம் வாங்கிக்கொண்டு கொலராடோ மலையில் ஐந்து நாள் எல்க் மான் வேட்டைக்குப் போகிறான். ஐந்து நாள் சாப்பாட்டையும் முதுகில்தான் சுமக்க வேண்டும். "கிராமுக்கு நாலு கலோரி தேறாத எதையும் பையில் ஏத்தாதீங்க அத்தான்" என்றான். கணக்கு அவ்வளவுதான். சோற்றில் கிராமுக்கு ஒன்றே கால் கலோரி, எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். வேர்க்கடலையில் ஐந்தரைக்கு மேல், நெய்யில் ஒன்பது. ஆக, நான் தண்ணீரைத்தான் மலையேற்றியிருக்கிறேன்.

ஒரு சமையலறைத் தராசு வாங்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 650 கிராம் என்று நிறுத்து, நாள்வாரியாகத் தனித்தனிப் பொட்டலம் போடுங்கள். முதல் நாள் மதியத்துக்கு மட்டும் கட்டுச்சோறு. அது வயிற்றுக்குள் போனதும் பை இறங்கிவிடும். ராத்திரி தங்கும் அதிருமலை முகாமில் காசுக்குக் கஞ்சி கிடைக்கும். நடக்கிற நேரம் முழுக்க நம் பைதான். காட்டுக்குள் தீ மூட்டக்கூடாது, அதனால் அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடியதாகவே எடுங்கள்.

காரத்துக்குப் புளி அவல். கெட்டிச் சிவப்பு அவலைக் கழுவி, பச்சைத் தண்ணீர் தெளித்து இருபது நிமிடம் மூடி வைத்து, புளிக்காய்ச்சல் ஒரு கரண்டி போட்டுக் கிளறினால் முடிந்தது. மெல்லிய அவல் வேண்டாம், களியாகிவிடும். புளிக்காய்ச்சலை வீட்டிலேயே எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை கிண்டுங்கள், எண்ணெய்க்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

இனிப்புக்கு நம் ஆச்சிமார் செய்த பொருவிளங்காய் உருண்டை. இதில்தான் நான் கவிழ்ந்தேன்.

பாசிப்பயறு இரண்டு பங்கு, புழுங்கலரிசி ஒரு பங்கு, இரண்டையும் தனித்தனியாகச் சிவக்க வறுத்துக் கொஞ்சம் கரகரப்பாக அரையுங்கள். சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போடுங்கள். மாவும் கருப்பட்டியும் மட்டும் என்றால் நாலு கலோரியைத் தொடாது. வறுத்த வேர்க்கடலையை உடைத்து ஒரு பங்கு சேர்த்தால் தாண்டிவிடும். மாவு இரண்டு டம்ளருக்குத் தட்டிய கருப்பட்டி ஒரு டம்ளர். அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், கருப்பட்டியில் மண் இல்லாமல் இருக்காது. மறுபடி காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் எறிந்தால் ணங்கென்று கேட்க வேண்டும். அந்தச் சூட்டிலேயே மாவில் ஊற்றி, கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு வேகவேகமாகப் பிடிக்க வேண்டும். ஆறினால் பிடி வராது.

பிடித்த பிறகுதான் என் தப்பு. முன்பொரு தடவை ராத்திரி பத்து மணிக்குப் பிடித்தேன், விடிகாலை பஸ். சூடு ஆறுமுன் டப்பாவில் அடைத்து மூடிவிட்டேன். போதாக்குறைக்கு ருசிக்கென்று தேங்காய்ச் சில் வேறு. இரண்டாம் நாள் திறந்தால் மூடியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக வேர்வை, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, சிக்குவாடை. உச்சிக்குப் போகிற நாள் அது. கூட வந்தவரின் கடலைமிட்டாயில்தான் 1868 மீட்டர் உச்சிக்கு ஏறினேன். இப்போதெல்லாம் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே பிடித்து, துணியில் பரப்பி, ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் விட்டுவிடுகிறேன். தேங்காய் கிடையாது. தேங்காய் இல்லாத பலகாரமா என்று வீட்டில் சண்டை; சண்டை போடட்டும்.

டப்பாவும் கிடையாது. என் தூக்கு காலியாகவே அரைக் கிலோ. பட்டர் பேப்பரில் சுற்றி, பழைய வேட்டியில் தைத்த சுருக்குப் பையில் போடுகிறேன். செக்போஸ்டில் பிளாஸ்டிக்கைத் தோண்டும் வேலையும் மிச்சம். சாப்பிட்டதும் சுருக்கை இழுத்துக் கட்டுங்கள், குரங்குக்குக் கருப்பட்டி வாசனை நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அல்வா எடுத்துப்போகலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கலோரி கணக்கில் பாஸ்தான், ஆனால் வெயிலில் நெய் கசிந்து மாற்றுச்சட்டை வரைக்கும் அல்வா வாசம். திரும்பி வந்து சாப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: அறுபது வயது அப்பாவைக் கூட்டிப்போகும் ஒருவர், உருண்டையைக் கடிக்கப் பல்லில்லையே என்று கேட்டிருந்தார். நியாயம்தான், என் கடைவாய்ப்பல்லே ஒன்று ஆடுகிறது. கிளம்புமுன் அம்மியில் வைத்து உடைத்துப் பொட்டலமாகவே கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கைப்பிடியைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, பத்து நிமிடம் நடந்துவிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். பாட்டில் வாய் அகலமாக இருக்கட்டும்.